இருபதுக்குப் பூஜ்யம்

"ஒண்ணுகூடவா தேறல?"

தலைமையாசிரியர் பரமசிவன் விடைத்தாளை ஆனந்தி டீச்சர் பக்கமாகத் தள்ளினார். எட்டாம் வகுப்பு மாரிச்செல்வி, இருபதுக்குப் பூஜ்யம்.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளை ஜூன் மாதம் ஒரு தேர்வு வைத்துப் பிரித்து, பதினான்கு பேரை ஆனந்தியிடம் தனி வகுப்பாக ஒப்படைத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து நடந்த தேர்வில் பதின்மூன்று பேர் தேறிவிட்டார்கள். ஜூனில் ஆறு மதிப்பெண் வாங்கிய மாரிச்செல்வி மட்டும் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தாள்.

பரமசிவனின் மேஜையில் அன்றாடத் தேர்வு, வாரத் தேர்வு, வளரறி, தொகுத்தறி என்று மதிப்பெண் பட்டியல்கள் அடுக்கியிருந்தன. அந்த வட்டாரத்திலேயே இத்தனை தேர்வு வைக்கும் பள்ளி வேறு கிடையாது என்பதில் அவருக்குப் பெருமை.

"நாலு விடையில ஒண்ணக் குறிக்கணும். கண்ண மூடிட்டுக் குறிச்சாக்கூட நாலஞ்சு தேறும், டீச்சர். ஆறு மாசமா என்னதான் நடத்துனீங்க?"

திங்கட்கிழமை கோவில்பட்டியிலிருந்து கல்வி அதிகாரி வருகிறார், அதற்குள் எழுத்துமூலம் விளக்கம் வேண்டும் என்றார். பதினோரு வருட வேலையில் ஆனந்தி யாருக்கும் விளக்கம் எழுதிக் கொடுத்ததில்லை.

வகுப்புக்கு வந்து வெள்ளைத்தாளை எடுத்தால், முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. தலைமையாசிரியர் சொன்ன கணக்கு மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மாரிச்செல்வியைக் கூப்பிட்டு, அதே கேள்வித்தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாள்.

காலையில் உளுந்துக்குக் களையெடுத்துவிட்டு வந்திருந்த பிள்ளை. சுடிதார் ஓரத்தில் கரிசல் காய்ந்திருந்தது. மடமடவென்று வாசித்தாள். இருபது கேள்விக்கும் சரியான விடையைச் சொன்னாள்.

ஆனந்தி கேள்வித்தாளைப் பிடுங்கி மேஜையில் போட்டாள்.

"ஏட்டி, எல்லாம் தெரிஞ்சிக்கிட்டேதான் தப்புத் தப்பாக் குறிச்சியா? என் மானத்த வாங்கணும்னா?"

மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். தேறிய பதின்மூன்று பேரையும் திங்கட்கிழமை பழைய வகுப்புக்கே அனுப்பிவிடுவார்களாம், அங்கே போக மாட்டேன் என்றாள்.

ஏன் என்று கேட்டாள் ஆனந்தி.

"அங்கன பரீட்சை மட்டுந்தான் வைக்காவ, டீச்சர். பாடம் இங்கனதான் நடத்துதீங்க."