'நாக்' என்ற சொல்லுக்கு ஐந்து வாக்கியங்கள்

கோவிந்தராஜ் நாலாவது வாக்கியத்தைப் படித்து முடித்தபோது, ஐந்தாவது வராமலே போய்விடக்கூடாதா என்றிருந்தது மேவிஸ் டீச்சருக்கு.

புனேயின் கோர்படியில், சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் ஹாலில், திங்களும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு ஆங்கில வகுப்பு. பிம்ப்ரி கம்பெனிகளிலும் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கிற பதினான்கு தமிழர்கள். சூப்பர்வைசர் இன்டர்வியூவில் வாயைத் திறந்தாக வேண்டுமே என்று, கையில் கிரீஸ் வாசனையோடு வந்து உட்காருகிறவர்கள்.

திங்கட்கிழமை கொடுத்த சொல் 'நாக்'. கதவைத் தட்டினால் எழுகிற சத்தமே ஆங்கிலத்தில் சொல்லாகிவிட்டது என்று டீச்சர் மேஜையைத் தட்டிக் காட்டினார். இந்தியில் அது மூக்கல்லவா என்று மகாதேவன் தன் மூக்கைப் பிடித்துக் காட்ட, வகுப்பு சிரித்து ஓயவே ஐந்து நிமிஷம் ஆனது. பிறகு ஆளுக்கு ஐந்து வாக்கியம் எழுத வைத்து, திருத்துவதற்கு நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

கோவிந்தராஜ் நன்றாகவே எழுதியிருந்தார். தபால்காரர் கதவைத் தட்டுவது ஒன்று. பெட்ரோலில் கலப்படம் இருந்தால் எஞ்சின் அடித்துக்கொள்வது இரண்டு, ஃபிட்டர் அல்லவா. குத்துச்சண்டையில் ஒருவன் இன்னொருவனைச் சாய்ப்பது மூன்று. சங்கு ஊதியதும் வேலையை விட்டுக் கிளம்புவதற்கும் அதே சொல்தான் என்று எங்கிருந்தோ பிடித்து எழுதியது நான்கு.

ஐந்தாவது இது: எங்கள் டீச்சர் தினமும் சாயங்காலம் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுகிறார், உள்ளே யாரும் இல்லை.

மனிதர் தீபாவளிக்குத்தான் டீச்சருக்கு எதிர்வரிசையில் குடிவந்திருந்தார். கிண்டல் செய்கிற ஆளில்லை. ஐந்தாவதற்கு ஒன்றும் அகப்படாமல், கண்ணில் பட்டதை எழுதிவிட்டார்.

பட்டது உண்மைதான். படுக்கையில் கிடந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று, ஆபீஸ் விட்டு வந்ததும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் டீச்சர் சாவி போடுவார். அம்மாவை அடக்கம் செய்து இரண்டு வருஷமாகிறது. இன்றும் தட்டிவிட்டு ஒரு நிமிஷம் நிற்காமல் அந்த வீட்டுக்குள் அவரால் நுழைய முடியவில்லை. அவ்வளவு பயமாக இருந்தது அந்த வெறும் வீடு.

திருத்தும்போது அந்த வாக்கியத்தில் பிழை தேடினார். இல்லை. சரியான வாக்கியத்தை அடித்துப் பழக்கமில்லாத கை, சிவப்பு மையில் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டது.

போட்ட பிறகுதான் உறைத்தது. முழு மார்க் வாங்கியவர் எழுந்து படிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் டீச்சர் திரும்பச் சொல்ல, வகுப்பே சேர்ந்து சொல்ல வேண்டும். டீச்சரே போட்ட சட்டம்.

'பாவம், மேவிஸ்' என்று உச்சுக்கொட்ட ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். இந்த ஹாலிலும் அது தொடங்கிவிட்டால் இங்கே மறுபடி கால் வைக்க முடியாது. வாரத்தில் அவர் சிரிக்கிற இரண்டு மாலைகள் இவைதான்.

ஐந்தாவதற்கு வாயெடுத்த கோவிந்தராஜ், நோட்டிலிருந்து நிமிர்ந்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

பிறகு, நோட்டில் இல்லாத ஒன்றை நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் படித்தார். நான் தினமும் சாயங்காலம் என் வீட்டுக் கதவை நானே தட்டுகிறேன், உள்ளே யாரும் இல்லை.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"யார் வந்து தொறப்பான்னுய்யா தட்டுற?" என்றார் மகாதேவன்.

"யாருமில்லப்பா. சும்மாதான்," என்று சொல்லி உட்கார்ந்த கோவிந்தராஜ், நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது டீச்சரின் முறை.

எழுந்து நின்றார். 'நான்' என்று தொடங்கினார். நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல் சொன்னார். இரண்டு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை.

பதினான்கு பேரும் சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னார்கள்.

வாக்கியத்துக்கு ஒரு தடவைதான் வழக்கம். டீச்சர் இன்னொரு தடவை சொன்னார்.

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு ஒற்றை அறையில் கிடப்பவர்கள்தான் அவர்களில் பாதிப்பேர். எல்லோரும் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். 'உள்ளே யாரும் இல்லை' என்ற இடத்தில் மட்டும் மகாதேவனின் குரல் வரவில்லை.