மம்சாபுரம் வைத்தியம்

"நான் இங்க வைத்தியம் பாக்கப் போறதில்ல அண்ணாச்சி. நேரா மம்சாபுரம் போறேன்."

ராஜபாளையத்துத் தோல் ஆஸ்பத்திரி பெஞ்சில், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் மாரிக்கனி பொருமினாள். இடுப்பில் படர்தாமரை மாதிரி ஒரு திட்டு. களிம்பு போட்டால் மங்கும், விட்டால் மறுபடி எட்டிப் பார்க்கும். போன வாரம் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். இன்று டாக்டர், "தோலில் வருகிற ஒருவகைப் புற்றுநோய்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. சிகிச்சைக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். அவளோ பையை மடியில் வைத்துக் கிளம்பத் தயாராக இருந்தாள்.

"மம்சாபுரத்துல யாரு?"

"அக்கி எழுதுவாரே, ஆண்டிச்சாமி வேளார்! காவியைக் குழைச்சு மேல எழுதினா எப்பேர்ப்பட்ட படையும் எறங்கிருமாம். கைராசிக்காரரு. எங்க சோழபுரமே சொல்லுது."

"போவாத தாயி. எனக்கும் இதேதான். வெயில் படாத இடமாப் பாத்து வந்துச்சு. வலி கெடையாது, அதான் ஏமாந்துட்டேன். ரெண்டு வருசம் காவிதான் எழுதிக்கிட்டேன். அசையவே இல்ல."

"பத்தியம் இருந்திருக்க மாட்டீக. மீனு தின்னுருப்பீக!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "கருவாட்டைக் கண்ணாலகூடப் பாக்கல. பொறவுதான் இங்க வந்தேன். ஏழெட்டு வருசம் ஆச்சு. ஆரம்பத்துல பிடிச்சா இது மெதுவாப் போற நோயி, முக்காவாசிப் பேரு முழு ஆயுசு இருப்பாகன்னு டாக்டரு சொன்னாரு. திரும்பத் தலைகாட்டுனா இங்க வந்து, இவுக வைத்தியத்துக்குப் போடுற லைட்டு வெளிச்சத்துல செத்த நேரம் நிப்பேன், அம்புட்டுதான். என்னையப் பாரு, எப்படி இருக்கேன்?"

கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தார். மாரிக்கனிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மகள் பாண்டீஸ்வரியின் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம் போலிருக்கிறதே! ஆனாலும் மனசு மம்சாபுரம் பஸ்ஸை விட்டு இறங்க மறுத்தது.

"ஒங்களுக்கு எழுதுனவன் எவனோ கத்துக்குட்டி அண்ணாச்சி. ஆண்டிச்சாமி கைபட்டா கேக்காம இருக்குமா?"

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"மம்சாபுரம் ஆண்டிச்சாமி! லைட்டு ரெடி, வாங்க."

"செத்த நேரத்துல வந்துருதேன் தாயி, அடுத்து நீ போ" என்றபடி, பக்கத்தில் இருந்தவர் எழுந்தார்.