வலது பக்கத் தகரம்

"இனி உங்க காலு பட்டாலும் சுடாதுங்க அம்மிணி."

மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு மெக்கானிக் மிக்கேல் இவ்வாறு சொன்னதும், முறத்து உளுந்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள் மருதாத்தாள். அவளுடைய கணவர் நஞ்சப்பனின் வண்டி அது. அதன் வலது பக்கத்துச் சைலன்சரின் மேல் வளைத்த தகரம் ஒன்று புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது.

மிக்கேல் தம் வேலையில் பெருமை உள்ளவர். தகரத்தைக் குழலோடு ஒட்டி வைத்தால் அதுவும் சேர்ந்து காயும் என்றும், ஆகவே விரற்கடை இடைவெளி விட்டு, காற்று புகுந்து போக ஆணியால் துளைகள் போட்டிருப்பதாகவும் விளக்கினார். கால் படுகிற இடத்தில் சூடே ஏறக் கூடாது என்று நஞ்சப்பன் மூன்று முறை சொன்னாராம்.

மருதாத்தாள் முகம் மாறாமல் மோர் கொடுத்து அவரை அனுப்பி வைத்தாள். அந்த வண்டியில் அவள் ஏறி மூன்று மாதம் ஆகியிருந்தது.

மூன்று மாதமாகவே நஞ்சப்பன் பழைய நஞ்சப்பனாக இல்லை. மலையாளச் சீமையின் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு வியாழன்தோறும் சித்தூரில் என்ன அலுவல் என்று விளங்கவில்லை. தோப்பில் காய் இறங்குகிற நாளிலும் அவர் போகத் தவறவில்லை. படுக்கையைத் தோப்பிலிருந்த சாளைக் குடிசைக்கு மாற்றிக்கொண்டார். தமக்கென்று ஒரு டம்ளரைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். மகள் ஓடி வந்தால் வாரி எடுத்துப் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார வைக்கிற மனிதர், இப்போது ஏதோ வேலை இருப்பவர் போலத் திரும்பிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று மருதாத்தாள் எண்ணினாள்.

போன மாதம் அவருடைய வேட்டியில், வலது காலோரம், எட்டணா அகலத்துக்குக் கருகிய ஓட்டை ஒன்றைக் கண்டு அவள் விசாரித்தாள். அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல அவர் விழித்தார். எந்த வீட்டு இஸ்திரிப் பெட்டி சுட்டதோ என்று அன்றைக்கே அவளுக்கு நெஞ்சில் முள் தைத்தது.

பக்கத்துத் தோட்டத்துக் காளியாத்தாளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். காளியாத்தாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"சேலை கட்டறவ ஒருச்சாஞ்சு எடது பக்கந்தானே காலைப் போடுவா? கொழலு சோத்தாங்கைப் பக்கமல்ல இருக்குது?"

"அப்ப அவ சேலை கட்டறவ இல்லீங்கக்கா."

"குழாய்க் கால்சட்டை மாட்டுனவளா? அப்படி ஒருத்தி சித்தூருல இருந்தா, ஊரே வேலைவெட்டிய உட்டுப்போட்டு அவ பின்னால போயிருக்குமே" என்று காளியாத்தாள் சிரித்தாள்.

மருதாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்பிள்ளை போல இருபுறமும் கால் போட்டு உட்காரும் ஒருத்தியை அவளுடைய மனம் அதற்குள் தலை முதல் கால் வரை செய்து முடித்திருந்தது.

பெருமாட்டியிலிருக்கும் அண்ணன் பழனிச்சாமிக்கு ஆள் அனுப்பினாள். மறுநாளைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, வண்டி கட்டிக்கொண்டு வந்து தங்கையையும் குழந்தையையும் அழைத்துப் போவதாகப் பதில் வந்தது. வெள்ளிக்கிழமையில் வீட்டுப் பெண் வெளியேறக் கூடாது என்பதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு நஞ்சப்பன் திரும்பி வந்தபோது, வாசற்படியில் டிரங்குப் பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் அவள் நின்றாள்.

"நாளைக்கு எங்கண்ணன் வருதுங்க. பாப்பாவக் கூட்டிக்கிட்டு நான் பெருமாட்டிக்கே போறேன். போறதுக்கு முந்தி ஒண்ணு மட்டும் சொல்லிப்போடுங்க. ஆரு காலு வெந்துபோகும்னு இந்தத் தகரம்?"

"என்ற காலுதான்."

"ஏழு வருசமாச் சுடாத காலு, இப்பத்தான் சுடுதுங்களா?"

நஞ்சப்பன் பெட்டியைப் பார்த்தார், உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகளின் குரல் வந்த திசையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து வண்டியின் இருக்கையில் வைத்தார். அதன்மேல் சித்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் முத்திரை இருந்தது. அதற்குக் கீழே, தோல் நோய்ப் பிரிவு, வியாழன் மட்டும் என்று மலையாளத்தில் எழுதியிருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து வலது காலின் வேட்டியை முழங்கால் வரை ஏற்றி, சுற்றியிருந்த துணியை மெல்ல அவிழ்த்தார். ஆடுசதையின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெந்த புண். அதைச் சுற்றிலும், தேமல் போல வெளிறிய தோல்.

மருதாத்தாளின் மார்பிலிருந்து மூன்று மாதத்துக் கல் இறங்கியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சித்தூரில் ஒருத்தியும் இல்லை, இருந்தது ஆஸ்பத்திரி. பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, ஓடி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஒரு சூட்டுப் புண்ணுக்கா இத்தனை மறைப்பு? நான் என்னென்னமோ நெனச்சு, எங்கண்ணன் வரைக்கும் சொல்லி உட்டுட்டேன். எரிஞ்ச அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க?"

புண்ணைத் தொட நீண்ட அவளுடைய கையை, தம் கை அவள்மேல் படாதபடி மேல்துண்டால் ஒதுக்கினார் நஞ்சப்பன்.

"கொழலு சுட்டப்பக்கூட எரியவே இல்லெ, மருதா."