ஐம்பது வருடச் சமாதானம்

"ரீச்சர், அந்தாளிட்டச் சொல்லுங்கோ, ஏதென்ஸ்காரர் ஒண்டும் விசரர் இல்லையெண்டு!"

முன்வரிசையில் இருந்த பாலேந்திரா எழும்பியே விட்டார்.

"அப்ப ஸ்பார்ட்டாக்காரர்தான் விசரரோ? அதையும் அவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ ரீச்சர்!" கடைசி வரிசையிலிருந்து எட்வேட்.

நடுவில் பேனையோடு நின்ற சுவர்ணாவுக்குத் தலை வலித்தது.

லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் இரண்டு மணித்தியாலமும், கொண்டுவந்து விட்டவர்கள் காருக்குள் இருந்து போனை நோண்டுவார்கள். அவர்களுக்குப் பழைய கிரேக்க, ரோமப் போர்களையும் சமாதான உடன்படிக்கைகளையும் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சுவர்ணாவுக்கு நெடுநாள் ஆசை. பல்கலைக்கழகத்தில் அதைத்தான் படித்தாள். டொக்டருக்குப் படிக்காமல் இதைப் படித்ததற்கு வீட்டில் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. பள்ளியில் கேட்டபோது அறை தரலாம், சம்பளம் இல்லை என்றார்கள். கரும்பு தின்னக் கூலியா?

முதல் இரண்டு கிழமையும் வந்தது பாலேந்திரா, எட்வேட் உட்பட நாலே பேர். அதில் நகுலேஸ்வரி அக்கா ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து நல்ல நித்திரை.

வகுப்பு நடக்கும்போதே அதிபர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பத்துப் பேராவது வேணும், பிள்ளை. இல்லாட்டி இந்த அறையை டான்ஸ் வகுப்புக்குக் குடுக்கவேண்டி வரும்."

அன்று சுவர்ணாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் கிழமை தொடங்கியது இந்தச் சண்டை. பாலேந்திரா ஏதென்ஸ் பக்கம், எட்வேட் ஸ்பார்ட்டா பக்கம். நேருக்கு நேர் ஒரு சொல் பேசமாட்டார்கள். திட்டுவதென்றாலும் ரீச்சர் மூலம்தான். கீரியும் பாம்பும் இவர்களிடம் பிச்சை வாங்கவேண்டும்.

நல்ல காலம், எட்டாம் கிழமைக்குள் வகுப்பு இருபத்துநாலு பேராகிவிட்டது. தான் பாடம் சொல்லும் விதம் அப்படி என்று சுவர்ணாவுக்கு உள்ளூரப் பெருமை. வந்த சனத்தை இந்த இரண்டு பேரும் கலைத்துவிடுவார்களே என்பதுதான் பயம்.

இன்றைக்குப் பாடம், நிசியஸ் சமாதானம்.

"பத்து வருசம் அடிபட்டுக் களைச்சுப்போன ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும், இனி ஐம்பது வருசத்துக்குச் சண்டையில்லை எண்டு சத்தியம் பண்ணினவை. வருசாவருசம் அந்தச் சத்தியத்தைப் புதுப்பிக்கவேணும் எண்டும் எழுதிவைச்சவை. ஆனால் அது ஏழு வருசம்கூட முழுசாய்த் தாங்கேல்லை."

"எப்பிடித் தாங்கும்? எங்கட அம்பிபோலிஸ் நகரத்தைத் திருப்பித் தாறம் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டுக் குடுக்காமல் விட்டது ஆர்? கேளுங்கோ ரீச்சர்!" என்றார் பாலேந்திரா.

"எங்கட பைலோஸ் கோட்டையைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு விடாதது ஆராம்? அதைக் கேளுங்கோ முதல்!" இது எட்வேட்.

பின்னால் யாரோ விசிலடித்தார்கள். நகுலேஸ்வரி அக்கா திடுக்கிட்டு முழித்து, "இப்ப ஆர் வெல்லுறது?" என்றார்.

சுவர்ணா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் வந்து இதில கையெழுத்து வையுங்கோ."

"அவர் முதல்ல வைக்கட்டும்."

"ஏன், நான் என்ன தோத்தவனோ?"

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அப்ப அடுத்த கிழமையிலயிருந்து ரெண்டு பேரும் வரவேண்டாம், அங்கிள்." தாளை இழுத்து எடுத்தாள். "இந்த வகுப்பு எனக்கு உயிர். உங்கட வீம்புக்காக என்னால இதை இழக்க ஏலாது."

இரண்டு பேரும் மெல்ல இருந்துவிட்டார்கள். மிச்ச முக்கால் மணித்தியாலமும் வாய் திறக்கவில்லை. சுவர்ணா ஒரே மூச்சில் பாடத்தைச் சொன்னாள். நேரம் முடிந்த பிறகும் மூன்று பேர் நின்று கேள்வி கேட்டார்கள்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது மனம் குத்தியது. வயதுக்கு மூத்தவர்களை நாலு பேருக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சிவப்புக் கார் நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எட்வேட். பக்கத்தில் பாலேந்திரா. பின்சீற்றில் இரண்டு பேரின் பேரப்பிள்ளைகளும். ஒரே பெட்டிக்குள் கையை விட்டு ரோல்ஸ் தின்றுகொண்டு, இரண்டு கிழவர்களும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சுவர்ணா கண்ணாடியைத் தட்டினாள். பிடிபட்ட கள்ளர் போல முழித்தார்கள்.

"நீங்கள் ரெண்டு பேரும்... சிநேகிதரோ?"

"பாரிசில பதினாலு வருசம் ஒரே அறையில இருந்தனாங்கள், பிள்ளை." பாலேந்திரா தலையைச் சொறிந்தார். "என்ர மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்ததே இவன்தான்."

"அப்ப இவ்வளவு நாளும் நடிச்சு என்னை முட்டாளாக்கினீங்களோ?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, அழாதேங்கோ. இனி நாங்கள் வாய் திறக்க மாட்டம். திறக்கத் தேவையும் இல்லை," என்றார் எட்வேட். "இண்டைக்கு நாங்கள் பேசாமல் இருந்தும் ஒருத்தர்கூட எழும்பிப் போகேல்லை. கவனிச்சனீங்களோ?"

அது உண்மைதான். கோபத்தோடு சேர்ந்து ஒரு சந்தோசமும் வந்தது.

"அதுக்கு ஏன் அங்கிள் இவ்வளவு கூத்து?"

பாலேந்திரா பின்கதவைத் திறந்து, பேரனைத் தள்ளி இருக்கச் சொல்லி அவளுக்கு இடம் பண்ணினார்.

"சமாதானத்தைப் பற்றிப் படிக்க எங்கட சனத்தில நாலு பேர்தான் வந்தவை, பிள்ளை. மிச்ச இருபது பேரையும் சண்டையைக் காட்டித்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது."