ஏற்கெனவே உள்ள நோய்கள்

ஆரோக்கியசாமி, அவர் மனைவி தாயம்மாள், மகன் மோகன், மருமகள் சபீனா, காப்பீட்டு முகவர் லட்சுமணன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாச்சாரம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். ஆறாவதாக ஒருவர் அங்கே இல்லை. இருந்ததுபோல் பேசுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

மோகன் நீட்டிய பேனாவை ஆரோக்கியசாமி தட்டிவிட்டார். அது உருண்டு சோபாவுக்கு அடியில் போனது.

"காசு மிச்சம் பிடிக்கிறேன்னு என்னைப் பொய் சொல்லச் சொல்றியாடா?"

சண்டை பயணக் காப்பீட்டைப் பற்றியது. பங்குக் கோயிலிலிருந்து ரோமுக்கும் லூர்துக்கும் திருப்பயணம் போகிறார்கள். கணவனும் மனைவியும் பெயர் கொடுத்திருந்தார்கள். காப்பீடு இல்லாமல் அந்த நாடுகளுக்கு விசா கிடைக்காது. லூர்து மாதாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது தாயம்மாளின் பிடிவாதம். கல்யாணமான நாளிலிருந்து அவள் பிடித்த ஒரே பிடிவாதம் அதுதான்.

பிரீமியத்தைக் குறைக்கும் வழிகளை லட்சுமணன் பொறுமையாக விளக்கியிருந்தார். அமெரிக்காவைச் சேர்க்காத திட்டம் போதும். பயண நாட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். பெட்டி தொலைந்தால் கிடைக்கும் ஈடு வேண்டாமென்றால் இன்னும் குறையும். ஆஸ்பத்திரிச் செலவில் முதல் பகுதியை நாமே ஏற்கச் சம்மதித்தால் மேலும் குறையும். எல்லாவற்றுக்கும் ஆரோக்கியசாமி தலையாட்டினார்.

அடுத்து, ஏற்கெனவே உள்ள நோய்கள். சொன்னால் பிரீமியம் கூடும். அதைச் சொல்லவே வேண்டாம் என்றான் மோகன். அங்கேதான் பேனா பறந்தது.

"நக்கோப்பா, வேண்டாம், கத்தாதீங்க. ஒரு நோயும் இல்லன்னு போட்டா பாதியாக் குறையும். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"எல்லாரும் யாரு? நம்ம வீட்டுல யாருடா அப்படிப் போட்டது? என் நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கறது இந்தத் தெருவுக்கே தெரியும். பிரான்ஸ்காரனுக்கு மட்டும் தெரியக் கூடாதா?"

லாலாகுடா ரயில்வே பணிமனையில், பழுதான ஒரு பெட்டியைக்கூட நல்லதென்று சொல்லி வெளியே அனுப்பாத மனிதர் அவர். மேலதிகாரி நெருக்கியபோதும் அனுப்பவில்லை. மறைத்த நோயைக் கம்பெனி கண்டுபிடித்தால் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்த செலவில் ஒரு பைசா வராது என்று லட்சுமணனும் மெல்லச் சொல்லிவைத்தார்.

பேச்சை மாற்றலாம் என்று தாயம்மாள் எழுந்து அடுப்படியிலிருந்து டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆரோக்கியசாமியின் கோபம் மருமகள் பக்கம் திரும்பியது.

"உனக்குக் கை இல்லையா சபீனா? அவளைத் தூக்க விடாதன்னு எத்தனை தடவ சொல்றது?"

சபீனா முகம் சுண்டிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். "ஹவ் மாமா, சரி" என்று முணுமுணுத்ததோடு சரி.

மோகனைக் கஞ்சன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் கைநிறையச் சம்பாதிக்கிறவன். பிரீமியம் அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. அப்பாவின் நோயைக் கேட்ட முகவர் அடுத்து அம்மாவின் நோயைக் கேட்பாரே என்றுதான் அவன் பயந்தான்.

போன வருஷம் தாயம்மாளுக்கு மார்பில் புற்றுநோய். அப்போதுதான் ஆரோக்கியசாமிக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதிர்ச்சி எதுவும் தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், அங்கேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். மருந்தால் முடி கொட்டியதற்கு வேளாங்கண்ணியில் மொட்டை போட்டதாகச் சொன்னார்கள். கணவனின் நெஞ்சுக்காக வேண்டிக்கொண்டாளாம். திரும்பி வந்த பிறகு மூட்டுவலி என்று தனி அறையில் படுத்துக்கொண்டாள். மகனும் மருமகளும் சேர்ந்து காத்த ரகசியம் அது.

ஆரோக்கியசாமி தன் ஸ்டென்டையும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விடாமல் சொல்லி முடித்தார். லட்சுமணன் நிமிர்ந்தார்.

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் மோகன், கேள்வி முடிவதற்குள்.

தாயம்மாள் தரையைப் பார்த்தாள். மறைத்தால், அந்நிய மண்ணில் ஏதாவது ஆகும்போது காப்பீடு கைவிட்டுவிடும். சொன்னால், எதிரே இருக்கிற பழுதுபட்ட நெஞ்சு தாங்காது. அவள் மூன்றாவது வழியை எடுத்தாள்.

"நான் வரலீங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

ஆரோக்கியசாமி கையால் டீப்பாயை ஓங்கி அறைந்தார். டீ சிந்தியது. சபீனா பயந்துபோய்க் கணவனின் பின்னால் ஒதுங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொந்தபந்தங்கள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். தாயம்மாள் அழுது உண்மையை உளறிவிட்டாளாம். மனைவியே தன்னை ஏமாற்றியது தெரிந்து கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். சுத்தப் பொய். அவள் உளறவில்லை. அவர் சாயவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, முகவரைப் பார்த்துச் சொன்னார்.

"இவங்க சொல்ல மாட்டாங்க தம்பி. போன வருஷம் இவளுக்கு மார்புல கேன்சர் கட்டி எடுத்தாங்க, அதையும் எழுதிக்குங்க."