நீலப் பட்டை

ஆலையின் தொட்டிகளில் விஷவாயு சேர்கிறதா என்று காவல் காக்கும் பழைய புரோகிராம் அது. எழுதியவர் செத்துப்போய்விட்டார், இனி அதைப் பிரித்துத் திருத்த ஆளில்லை. அதனால் செண்பகவல்லி அதை அப்படியே தூக்கித் தான் எழுதிய புதிய கம்ப்யூட்டர் திரைக்குள் பதித்தாள். உள்ளே உட்கார்ந்த பிறகும் அதன் தலையில் ஒரு நீலப் பட்டை ஒட்டுப்போட்டதுபோல் துருத்திக்கொண்டிருந்தது. "அசிங்கமா இருக்கு, வெட்டிரும்மா" என்றார் மேனேஜர். பெயர் தாங்கிய வெறும் பட்டைதானே என்று அவளும் வெட்டிவிட்டாள். பழையது புதியதின் உடம்பிலேயே பிறந்ததுபோல் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் கண்ட்ரோல் ரூமுக்கு அவள் வந்தபோது ஆபரேட்டர் பூவராகன் டீ வாங்கி வைத்திருந்தார்.

"இப்பதாம்மா நிம்மதி. முன்னெல்லாம் மேல அந்தப் பட்டை நெனச்சப்பல்லாம் வாயு வாயுன்னு செவந்துபோயி உசுர வாங்கும். ஒரு வேலை ஓடாது. இன்னிக்குக் காலையிலேர்ந்து ஒரு தடவகூட செவக்கல. அதான் தொட்டியக் கழுவ ரெண்டு பேர கயிறு கட்டி உள்ள எறக்கிட்டேன்."

"எப்பண்ணே எறக்குனீங்க?"

"இந்த டீ வாங்கப் போறதுக்கு முன்னாடி."

டீயில் ஆடை கட்டியிருந்தது. செண்பகவல்லி கீபோர்டை இழுத்து, பதித்ததைப் பிடுங்கி வெளியே போட்டாள். தனியாக வந்து நின்ற பழைய புரோகிராமின் தலையில் பட்டை மறுபடி முளைத்தது. முளைக்கும்போதே சிவப்பாக இருந்தது.

பூவராகன் அதைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு அப்பால், தொட்டியின் வாயில் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கயிறுகளைப் பார்த்தார்.