பாட்டுக்கு முன் ஒரு ஃபோன்

"அவங்க யார்கிட்ட பேசறாங்கன்னு எனக்கெப்படி சார் தெரியும்?" என்றார் ஒலிப்பதிவாளர். கண்ணாடிக்கு அப்பால் மைக் முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தாள் அந்த ஜாஸ் பாடகி.

"தினமும் பேசறாளா?" என்றான் அவள் கணவன்.

"ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி பேசறாங்க. ப்ளூஸ் மாதிரி சோகப் பாட்டுன்னா அழுதுட்டு வருவாங்க. துள்ளலான பாட்டுன்னா சிரிச்சுக்கிட்டே வருவாங்க. அந்தச் சூடு ஆறறதுக்குள்ள பாடிடுவாங்க. ஆல்பம் பிரமாதமா வருது சார்."

அவன் கண்ணாடி வழியாக அவளை முறைத்தான். தன் பெண்டாட்டியை அழவும் சிரிக்கவும் வைக்கிற அந்த மகராசன் யார்? வீட்டில் அவள் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதில்லை. மேடையில் ஜாஸ் பாடுகிறவள் எனக்கு மருமகளா என்று அவன் அம்மா கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டோடு போனதிலிருந்து அப்படித்தான். இவளுக்காகப் பெற்றவளையே விட்டுக்கொடுத்தேனே என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டு முடிந்து வெளியே வந்தவள் அவனைக் கண்டு திடுக்கிட்டாள்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"ஏன், வரக்கூடாதா?"

"அப்படி இல்லைங்க. ஆல்பம் முடியட்டும், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லேன்."

"இப்ப வேணாம். சொன்னா கெட்டுடும்."

மைக்கில் இரைச்சல் விழும் என்று செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் தாழ்வாரத்து ஃபோனை எடுத்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

இனி இவளோடு வாழ்வதா வேண்டாமா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். அவன் அதே ஃபோனை எடுத்து, கடைசியாகக் கூப்பிட்ட எண்ணுக்கே போகும் ரீடயல் பொத்தானை அழுத்தினான். எவனாக இருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும்.

மறுமுனையில் ஃபோனை எடுத்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் கேள்வி வந்தது.

"என்னம்மா, அழுகை பத்தலையா? இன்னும் கொஞ்சம் திட்டட்டுமா?" என்றாள் அவனைப் பெற்ற தாய். "இல்ல, அடுத்தது சிரிக்கிற பாட்டுன்னா சொல்லு. உன் புருஷன் பத்து வயசு வரைக்கும் படுக்கையை நனைச்ச கதையை இன்னும் நான் உனக்குச் சொல்லவே இல்லையே."